திருத்துவதா, திருப்பிக் கேட்பதா, புதிதாய் வரைவதா: மெஷ் ஏறாத மொடலுக்கு முன்னால்

"அண்ணா, மெஷ் ஏறுதில்லை. நாலாவது தரமும் அதே இடத்திலதான் நிக்குது."

வெள்ளவத்தையில், காலி வீதிப் பக்கம் பார்த்த எங்கள் மூன்றாம் மாடி அலுவலகத்தில் இந்த வசனம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கும். மெஷ் என்பது, உறுதியையும் அதிர்வையும் கணக்கிடுவதற்காகக் கணினி மொடலை எலிமென்ட் என்னும் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது; அது ஏறாவிட்டால் கணக்கே தொடங்காது. அன்று சொன்னவள், கட்டுபெத்தையில் படிப்பை முடித்துக்கொண்டு எங்களிடம் வந்து எட்டு மாதமான தங்கச்சி. திரையில் நின்றது ஒரு தீயணைப்புப் பம்பும் மோட்டரும் ஏறி உட்காரும் அடிச்சட்டம். வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவர் அனுப்பிய 86 எம்பி ஸ்டெப் பைல், அதாவது வரைமென்பொருட்கள் தங்களுக்குள் மொடலை மாற்றிக்கொள்ளும் பொது வடிவம். நாங்கள் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. மோட்டர் நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும், அதாவது 24.7 ஹேர்ட்ஸ், சட்டத்தின் இயற்கை அதிர்வெண் அதற்குக் கிட்ட வருகிறதா? கிரேனில் தூக்கும்போது தூக்குக் காதுகள் தாங்குமா?

அவள் செய்திருந்தது எல்லோரும் செய்வதுதான். எலிமென்ட் அளவை 10 மில்லிமீற்றரிலிருந்து 8, 6, 4 என்று குறைத்துக்கொண்டே போயிருந்தாள். இன்னும் கொஞ்சம் சின்னதாக்கினால் ஏறிவிடும் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் முதல் வருடம் எவருக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு முழு வார இறுதியை அதில் தொலைத்திருக்கிறேன்.

செய்யக்கூடியவை வேறு. அனுப்பியவரிடமே இன்னொரு பைல் கேட்கலாம். வரைமென்பொருளுக்குள் கொண்டுபோய் உடைந்த முகங்களைத் தைக்கலாம். மெஷ் போடும் மென்பொருளிடமே "சின்னதுகளைக் கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் புதிதாக வரையலாம். அல்லது அந்தப் பகுதியையே தூக்கி வீசலாம். எது நல்லது என்று மென்பொருள் விற்பவரிடம் கேட்டால் தன்னிடம் இருக்கும் பொத்தானைக் காட்டுவார். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம்: பழுதான இடம் விசை போகிற பாதையில் இருக்கிறதா, இந்த மொடல் இன்னும் எத்தனை தரம் மாறி வரப்போகிறது. இரண்டாவதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பைல் ஒப்பிட்டுப் பார்க்க வசதியானது, ஏனென்றால் மூன்று வகைப் பொருள் ஒன்றாகக் கிடந்தன: கடையில் வாங்கும் மோட்டர், வார்ப்பிரும்பில் ஒரு தாங்கி, தகடும் சனலும் (ப வடிவ இரும்பு) வெல்டிங் செய்த சட்டம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

பை ஏன் பிரிகிறது

சொலிட் மொடல் என்று சொல்கிறோமே தவிர, அது உள்ளே நிரம்பிய கட்டி அல்ல. முகங்களைச் சேர்த்துத் தைத்த பை. பல மென்பொருட்களில் ஒவ்வொரு விளிம்பும் மூன்று தரம் எழுதப்பட்டிருக்கும்: வெளியில் ஒரு வளைகோடு, அது தொடும் இரண்டு முகங்களின் மேலும் ஒவ்வொரு கோடு. மூன்றும் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பதை அந்தந்த மென்பொருளின் கரு, அதாவது வடிவக் கணக்கைச் செய்யும் உள்ளியந்திரம், தீர்மானிக்கிறது. சொலிட்வேர்க்ஸும் என்எக்ஸும் ஓடும் பரசொலிட் கருவின் கணக்கு 0.00001 மில்லிமீற்றர். இலவச மென்பொருட்களான ஃப்ரீகேட் (வரைய), ஜிமெஷ் (மெஷ் போட), சலோம் (இரண்டுக்கும்) மூன்றும் நம்பியிருக்கும் ஓபன் கேஸ்கேட் கருவின் தொடக்கக் கணக்கு 0.0000001 மில்லிமீற்றர். அங்கே ஒட்டியிருந்த தையல் இங்கே நூறு மடங்கு இடைவெளி. ஓபன் கேஸ்கேட் அதை விட்டுக்கொடுத்து அந்த விளிம்புக்கு மட்டும் கணக்கைத் தளர்த்தி உள்ளே எடுத்துக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மெஷ் போடும்போதுதான் அவிழும்.

நாங்கள் ஏன் ஃப்ரீகேட், ஜிமெஷ் பக்கம் வந்தோம் என்பதற்குக் கொள்கை விளக்கம் ஒன்றும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை அண்டி நின்றது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வருடாந்த லைசன்ஸ் டொலரில். அந்த வருடம் புதுப்பிக்கவில்லை, பிறகு புதுப்பிக்கத் தோன்றவும் இல்லை. கைடோ டோன்ட்டும் கிளவுஸ் விட்டிக்கும் 1998 இலிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் கல்குலிக்ஸ்தான் மெஷ்ஷை வாங்கி எங்கள் கணக்கைத் தீர்க்கிறது. ஹைப்பர்மெஷ் என்ற விலைகொடுத்து வாங்கும் மெஷ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அங்கே அவிழ்ந்த விளிம்பு சிவப்பு, இரண்டு முகம் சேர்ந்தது பச்சை, மூன்று முகம் மோதுவது மஞ்சள். பார்த்த மாத்திரத்தில் விளங்கும். எங்களுக்கு அந்தச் சிவப்பைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

முதலில் நோட்பேட்

எந்த வழியையும் எடுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது, இரண்டு நிமிடம்கூட எடுக்காது. ஸ்டெப் என்பது வெறும் எழுத்துப் பைல். தங்கச்சியிடம் நோட்பேடில் திறக்கச் சொன்னேன். 86 எம்பி என்பதால் கொஞ்சம் முனகித்தான் திறந்தது.

தலைப்பகுதியில் 'ஃபைல் ஸ்கீமா' என்ற வரி. அதில் 'கொன்பிக் கொன்ட்ரோல் டிசைன்' என்றிருந்தால் ஸ்டெப்பின் ஏபி203 வகை, 'ஒட்டோமோட்டிவ் டிசைன்' என்றிருந்தால் ஏபி214. அதற்குக் கிட்டவே 'ஃபைல் நேம்' வரியில் எந்த மென்பொருளில் இருந்து வெளியேற்றினார்கள் என்பது அநேகமாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால், திருப்பிக் கேட்கும்போது என்ன கேட்கலாம் என்பது தெரியும். பிறகு 'மனிஃபோல்ட் சொலிட் பிரெப்' என்று தேடச் சொன்னேன். அகப்பட்டது 63. 'ஓப்பன் ஷெல்' என்று தேடினால் 4. அதாவது 63 பைகள் தைத்திருக்கின்றன, நான்கு வாய் திறந்து கிடக்கின்றன. அந்த நான்கையும் எந்த மெஷ்ஷரும் உள்ளே நிரப்பாது, எலிமென்டை எவ்வளவு சின்னதாக்கினாலும்.

"இது தெரிஞ்சிருந்தா காலமை முழுக்க மினக்கெட்டிருக்க மாட்டன் அண்ணா."

அலகையும் அங்கேயே பார்க்கலாம். மில்லிமீற்றரா அங்குலமா என்று ஒரு வரி சொல்லும். அதைப் பாராமல் 25.4 மடங்கு பெரிய ஒரு பிராக்கெட் தகட்டை நான் ஒரு தரம் தீர்த்து, "அடேயப்பா, எவ்வளவு உறுதி" என்று வியந்திருக்கிறேன்.

திருப்பிக் கேட்பது

செலவு குறைந்த வழி இதுதான், ஆனால் நம் ஆட்கள் கடைசியில்தான் இதற்கு வருவார்கள். கேட்டால் நமக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அனுப்புகிறவருக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. வெளியேற்றும் பெட்டியில் இரண்டு தெரிவை மாற்றி அழுத்துவது.

ஆனால் "பைல் சரியில்லை, வேறு அனுப்புங்கள்" என்று எழுதினால் அதே பைல்தான் வேறு பெயரில் வரும். கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. ஐஜிஇஎஸ் என்ற பழைய பைல் வகை வேண்டாம், அதன் கடைசிப் பதிப்பு 1996 இல் வந்த 5.3, அதில் முகங்கள் தைக்கப்படாமல் தனித்தனியாக வருவது சாதாரணம். எஸ்டிஎல் வேண்டவே வேண்டாம். அது முக்கோணக் குவியல், அலகும் கிடையாது. சொலிட்டுகள் மட்டும், திருகுப் புரிகள் இல்லாமல், பெயர்த்தகடும் எழுத்துப் பொறிப்பும் இல்லாமல், ஸ்டெப் ஏபி214 அல்லது ஏபி242. நீங்கள் அன்சிஸ் மாதிரி விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தால், அனுப்புகிறவரும் பரசொலிட் கரு வீட்டுக்காரர் என்றால், நேரே பரசொலிட் பைலே கேளுங்கள். அனுப்பும் பக்கத்தில் மொழிபெயர்ப்பே இல்லாமல் வரும். ஃப்ரீகேட் பரசொலிட் பைலை நேரே வாசிக்காது, ஆகவே எங்களுக்கு அந்த வாசல் இல்லை.

இதன் குறை நேரம். ஐரோப்பாவுக்குப் பின்னேரம் எழுதினால் மறுநாள் மதியத்துக்கு முன் பதில் எதிர்பார்க்க முடியாது. இந்த விநியோகஸ்தர் மூன்றாம் நாள் பதில் போட்டார், அதுவும் "உங்களுக்கு எதற்கு இது" என்று. ஆனாலும் கேட்டு அனுப்பிவிட்டு மற்ற வழியில் இறங்குவதில் நட்டம் ஒன்றும் இல்லை. வந்தால் வரட்டும்.

கையால் தைப்பது

வார்ப்பிரும்புத் தாங்கிக்கு இதுதான் செய்தோம். தாங்கியில் 12 மில்லிமீற்றர் பில்லட் (மூலையை உருட்டும் வளைவு) ஒன்று சாய்வான பக்கச் சுவரில் போய் மெல்ல முடியும் இடத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு முகம். ஃப்ரீகேட்டில் ஒவ்வொரு முகமாகப் பரப்பளவைப் பார்த்து, சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்த ஒரு சிறு பைத்தன் வரி போதும். முதல் ஆளாக அந்த ஒட்டுமுகம் வந்து நின்றது. நீளம் 41 மில்லிமீற்றர், அகலம் 0.018. தலைமயிரின் தடிப்பில் கால்வாசிகூட இல்லை. அந்த அகலத்துக்கு ஒழுங்கான முக்கோணம் வேண்டுமென்றால் நீளத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்கவேண்டும். மெஷ்ஷர் அதைச் செய்யப் பார்க்கும், அல்லது ஊசி மாதிரி நீண்ட முக்கோணத்தைப் போட்டுவிட்டு அடுத்த முகத்தோடு குத்துப்படும். ஜிமெஷ் அந்த இடத்தில் "ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் முக்கோணங்கள்" என்று இரண்டு முக எண்களைச் சொல்லி நிற்கும். தங்கச்சி நாலு தரமும் பார்த்தது அந்தச் செய்தியைத்தான். செய்தியில் முக எண் இருக்கிறது என்பதை அவள் கவனிக்கவில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் நாம் எல்லோரும் வாசிப்பதை விட்டுவிடுகிறோம்.

ஒட்டுமுகத்தை நீக்கி அக்கம்பக்கத்து முகங்களை நீட்டிப் பொருத்தும் வசதி எல்லா வரைமென்பொருளிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ஃப்ரீகேட்டில் அது டிஃபீச்சரிங். சில வேளை ஒரே சொடுக்கில் போகும். சில வேளை நீக்கின இடத்தில் இரண்டு புது ஒட்டுமுகம் முளைக்கும். தாங்கியில் ஏழு இடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி தேநீர் நேரத்துக்குள் முடித்தாள். கடைசி இடத்தில் அவள் பொறுமையிழந்து பில்லட்டையே நீக்கிவிட்டாள். அங்கேதான் நான் கையைப் பிடித்தேன்.

பில்லட் நீக்குவது குற்றமில்லை. வெளிமூலை என்றால் தாராளமாக நீக்கலாம், அங்கே தகைப்பு (பொருளுக்குள் பரப்பின்மேல் விழும் விசை) பேசாது. உள்மூலை என்றால் விஷயம் வேறு. நீக்கினால் கூரான 90 பாகை மூலை மிஞ்சும். நேர்கோட்டு மீள்தன்மைக் கணக்கில் அந்த மூலையின் தகைப்புக்கு முடிவே கிடையாது. எலிமென்டைப் பாதியாக்கும் ஒவ்வொரு தரமும் கிட்டத்தட்ட 1.37 மடங்கு ஏறும். அவளைச் செய்து பார்க்கச் சொன்னேன்: 6 மில்லிமீற்றரில் 140 மெகாபஸ்கல், 3 இல் 191, 1.5 இல் 263. எந்த எண்ணை அறிக்கையில் போடுவாய் என்று கேட்டேன். பில்லட் திரும்பி வந்தது.

கையால் தைப்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை இதுதான்: வார்ப்புப் பொருள், தகைப்பு அங்கேதான் வேண்டும், பழுது பத்து இடத்துக்குள், மொடல் மாறி வர வாய்ப்புக் குறைவு. இந்த நான்கும் சேரவில்லை என்றால் வேறு வழி.

மெஷ்ஷரைக் கண்மூட வைப்பது

அன்சிஸில் வேர்ச்சுவல் டொப்பொலொஜி, ஜிமெஷில் கொம்பவுண்ட் சேர்பஸ். வடிவத்தைத் தொடாமல், பல முகங்களை மெஷ்ஷருக்கு மட்டும் ஒன்றாகக் காட்டுவது. ஒட்டுமுகம் பக்கத்து முகத்துக்குள் கரைந்துவிடும், அதன் விளிம்பில் நோட் (எலிமென்ட்கள் சேரும் புள்ளி) வைக்கவேண்டிய கட்டாயம் போய்விடும். கையால் தைக்க மணித்தியாலக் கணக்கு எடுப்பது இங்கே நிமிடக் கணக்கு.

ஜிமெஷில் சின்ன விளிம்புகளைத் தானாகச் சரிசெய்யும் தெரிவுகளும் உண்டு, ஆனால் தொடக்கத்தில் அவை அணைந்திருக்கும். அவற்றைப் போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று வருகிறவர்கள் பலர். காரணம், எது சின்னது என்று சொல்லும் எண் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் தொடக்க மதிப்பு பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்கு. அதை வைத்துக்கொண்டு தேடினால் 0.018 மில்லிமீற்றர் ஒரு மைதானம். கையால் தைக்காத பைலில் அதை 0.05 ஆக்கிப் பார்த்தோம், ஏழில் ஐந்து தானாகவே போயிற்று. முகங்கள் மிகவும் வளைந்து கிடந்தால் பரப்பு மெஷ் முறையை மெஷ்அடப்டுக்கு மாற்றிப் பாருங்கள். மெதுவானது, ஆனால் முரட்டு வடிவத்துக்கு நிற்கும்.

இந்த வழியில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மெஷ் ஏறிவிடும், தீர்க்கப் போனால் கல்குலிக்ஸ் 'நொன்பொசிட்டிவ் ஜேகோபியன்' என்று ஒரு எலிமென்ட் எண்ணைச் சொல்லி நிற்கும். நான்கு முகமுள்ள எலிமென்டான நான்முகியின் இரண்டாம் படி வகையில் விளிம்பின் நடுவிலும் ஒரு நோட் உண்டு. அதை வளைந்த முகத்தின் மேல் இழுத்து வைக்கும்போது மெல்லிய எலிமென்ட் உள்பக்கமாகப் புரண்டுவிடும். இதற்கு மூன்று மருந்து. அந்த இடத்தில் மட்டும் எலிமென்டைச் சின்னதாக்குவது. ஜிமெஷின் உயர்படிச் சீராக்கலை ஓடவிடுவது. அல்லது நடுநோட்டை வளைக்காமல் நேர்கோட்டிலேயே விடச் சொல்வது. மூன்றாவது சுகமானது. ஃப்ரீகேட்டில் மெஷ்ஷின் பண்புப் பட்டியலிலேயே அந்தத் தெரிவு இருக்கிறது. ஆனால் பில்லட் அப்போது வளைவாக இராது, பட்டை பட்டையாக இருக்கும். அதிர்வெண் பார்க்கும் வேலைக்குப் பரவாயில்லை. பில்லட்டின் தகைப்பை எழுதப்போகிறீர்கள் என்றால் முதலாவதைச் செய்யுங்கள்.

நான்காவது மருந்து என்று சிலர் முதலாம் படி நான்முகிக்கு மாறிவிடுவார்கள். புரள நடுநோட்டே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. அது மருந்தல்ல. முதலாம் படி நான்முகி வளைவில் விறைத்து நிற்கும்; தொய்வும் தகைப்பும் உண்மையைவிடக் குறைவாக, பார்க்க இதமாக வரும்.

வரைந்துவிடுவது

சட்டத்துக்கு வருவோம். 2,400 க்கு 1,100 மில்லிமீற்றர், 150 க்கு 75 சனல், 10, 12 மில்லிமீற்றர் தகடுகள், வாய் திறந்து கிடந்த நான்கு பைகளும் இதில்தான். தங்கச்சி இதையும் தைக்கத் தயாராக இருந்தாள். நான் சொன்னேன், வேண்டாம், பைலை மூடு, புதிதாய் வரை.

அவள் முகத்தில் தெரிந்தது எனக்கு விளங்கியது. வந்த மொடலை விட்டுவிட்டு வரைவது பின்னுக்குப் போவது மாதிரி இருக்கும். ஆனால் தகடு வெல்டிங் வேலைக்கு இது தோல்வி அல்ல, இதுதான் நேர்வழி. ஒரு தகட்டுக்கு வேண்டியது அதன் நடுப்பரப்பும் தடிப்பும் மட்டும். சனலுக்கு மூன்று பட்டை. சட்டத்தின் நடுக்கோடுகளை வரைபடத்திலிருந்து எடுத்து, ஷெல்லாக, அதாவது தடிப்பை ஒரு எண்ணாக மட்டும் கொடுக்கும் பரப்பாக, வரைய அவளுக்கு மூன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அதே சட்டத்தைச் சொலிட்டாகத் தடிப்பில் இரண்டு எலிமென்ட் வைத்து மெஷ் போட்டிருந்தால் 11 இலட்சம் நோட். எங்கள் கணினிகளில் 32 ஜிபி நினைவகம். நேரடித் தீர்வி பாதிவழியில் மூச்சடைத்து நின்றுவிடும். ஷெல்லில் 28 ஆயிரம் நோட். தேநீர் ஊற்றிக்கொண்டு வரமுன் முடிந்தது.

இங்கே நான் சொல்லாமல் விடக்கூடாத குறை ஒன்று. கல்குலிக்ஸ் ஷெல்லை உள்ளுக்குள் சொலிட்டாகவே விரித்துக்கொள்ளும். இரண்டு தகடு கோணத்தில் சேரும் கோட்டில் விறைப்பான முடிச்சுகள் போடும். அந்தக் கோட்டில் அச்சொட்டாக வரும் தகைப்பை நான் வாசிப்பதில்லை. அதிர்வில் களைப்பு (திரும்பத் திரும்ப விசை பட்டு வெடிப்பது) பார்க்கும் வெல்டிங் என்றால் எப்படியும் அங்கே வாசிக்கக்கூடாது. சர்வதேச வெல்டிங் கழகத்தின் பரிந்துரைப்படி வெல்டிங்கின் விளிம்பிலிருந்து தடிப்பின் 0.4 பங்கிலும் 1.0 பங்கிலும் வாசித்து நீட்டிப் பிடிக்கவேண்டும். 10 மில்லிமீற்றர் தகட்டுக்கு 4 உம் 10 உம்.

கொழும்பில் வரைந்துவிடுவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. இங்கே வரும் வேலையில் பாதிக்கு மொடலே கிடையாது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய கியர்ப்பெட்டியின் உடைந்த காதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "சேர், இதைப்போல இன்னும் கொஞ்சம் உறுதியா" என்பார்கள். ஸ்கேன் செய்து எஸ்டிஎல் எடுத்தால் எட்டு இலட்சம் முக்கோணம், எண்ணெய்க்கறை உட்பட. அதைச் சுத்தம்செய்து மெஷ்ஷாக்கும் மென்பொருட்கள் உண்டு. நான் அதைப் பின்னணியில் வைத்துக்கொண்டு மேலே வரைகிறேன். மெஷ்ஷே வேண்டாம், வந்த மொடலை அப்படியே போடுங்கள் என்னும் சிம்சொலிட் மாதிரியானவையும் இருக்கின்றன. அல்டெயர் நிறுவனம் அதை 2018 இல் வாங்கியது. பார்த்திருக்கிறேன், வேகம்தான். ஆனால் லைசன்ஸ் டொலரில், கதை திரும்பவும் அங்கேதான் போகிறது.

மோட்டர்

இதில் நேரம் செலவழிக்காதீர்கள். குளிர்த்தகடுகள், விசிறி மூடி, கம்பிப் பெட்டி, போல்ட்டில் புரி. பைலின் 86 எம்பியில் பெரும்பங்கு இதுதான், சட்டத்தின் அதிர்வுக்கு இதில் எதுவும் வேண்டாம். வேண்டியது எடை, எடைமையம், நான்கு கால்துளைகள்.

கல்குலிக்ஸில் புள்ளி எடை வைக்கலாம், ஆனால் அதற்குச் சுழல் சடத்துவம் (சுழற்றும்போது காட்டும் எதிர்ப்பு) இல்லை. மோட்டர் பக்கவாட்டில் ஆடும் அதிர்வெண் பொய்யாக உயரும். நாங்கள் செய்தது: 700 க்கு 450 க்கு 500 மில்லிமீற்றரில் ஒரு வெறும் பெட்டி. கன அளவு 0.1575 கனமீற்றர். மோட்டர் 415 கிலோ. ஆகவே பெட்டியின் அடர்த்தி 2,635. கால்துளைகளில் பிடித்தோம். விறைப்பாகப் பிடித்தால் முதல் அதிர்வெண் 31.2 ஹேர்ட்ஸ், தளர்வாகப் பகிர்ந்து பிடித்தால் 28.6. உண்மை நடுவில் எங்கோ, இரண்டுமே 24.7 இலிருந்து விலகியிருப்பதால் எங்கே என்று தேடத் தேவையில்லை.

ஏறின மெஷ்ஷையும் நம்பாதே

தாங்கி ஏறிற்று, சட்டம் ஏறிற்று, பிழைச் செய்தி இல்லை. எனக்குப் பயம் இங்கேதான் தொடங்கும். 1991 ஓகஸ்ட் 23 இல் நோர்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளம் மூழ்கியது. அந்தக் கணிப்பும் பிழைச் செய்தி இல்லாமல்தான் ஓடி முடிந்தது, சுவர்கள் சேரும் இடத்து வெட்டுவிசையை ஏறக்குறைய 47% குறைவாகக் காட்டிக்கொண்டு.

எங்கள் அளவில் இரண்டு சோதனை போதும். ஒன்று எடை. விநியோகஸ்தரின் வரைபடம் சட்டம் 284 கிலோ என்றது. வந்த ஸ்டெப் மொடலில் சட்டப் பகுதிகளை மட்டும் கூட்டினால் 307. வித்தியாசம் 23. 600 க்கு 400 க்கு 12 மில்லிமீற்றர் உருக்குத் தகடு ஒன்று 22.6 கிலோ. போய்ப் பார்த்தால் அந்த அளவுத் தகடு ஒன்றின் மேலேயே இன்னொரு பிரதி, அச்சொட்டாக. இது தெரியாமல் வந்த மொடலையே மெஷ் போட்டிருந்தால் அந்த இடத்தின் தொய்வு பாதியாகி, தூக்குக் காதின் கணக்கு ஏமாற்றியிருக்கும். அதிர்வெண்ணில் பிடிபடவும் மாட்டாது, ஏனென்றால் விறைப்பும் இரட்டிப்பு, எடையும் இரட்டிப்பு.

மற்றது, எதையும் பிடிக்காமல் காற்றில் மிதக்கவிட்டு அதிர்வு வடிவங்களைக் கேட்பது. ஒரே துண்டு என்றால் பூச்சியத்தை ஒட்டி ஆறு வரும். எங்களுக்குப் பன்னிரண்டு வந்தது. இரண்டு துண்டு. வெல்டிங்குக்காக 1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு வரைந்த குறுக்குச் சனலை வரைபடத்தில் இருந்தபடியே தங்கச்சி வரைந்திருந்தாள். இரத்மலானையில் வெல்டிங் பாஸ் அதை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடுவார், கணினி நிரப்பாது.

திருத்தம் பி

மூன்றாம் நாள் விநியோகஸ்தரின் கேள்விக்குப் பதில் போட்டோம். எட்டாம் நாள் புதுப் பைல் வந்தது, கேட்டபடி புரியில்லாமல், 19 எம்பி. கூடவே "திருத்தம் பி" என்று ஒரு குறிப்பு: மோட்டர் வேறு வகை, 432 கிலோ, தாங்கியின் சுவர் 2 மில்லிமீற்றர் தடித்தது. அதே கிழமை ஒப்பந்தகாரரும் அழைத்தார். பழைய சோனகத் தெருப் பக்கம் விசாரித்ததில் 150 சனல் கையிருப்பில் இல்லை, 200 தான் இருக்கிறது, போடலாமா?

தாங்கியைக் கையால் தைத்த ஏழு இடமும் போயிற்று. புதுப் பைலில் ஒட்டுமுகங்கள் வேறு இடங்களில் இருந்தன, மூன்றே மூன்று. அதற்கு ஒரு மணித்தியாலம். கொம்பவுண்ட் சேர்த்து வைத்திருந்த முகங்களின் எண்கள் எல்லாம் மாறியிருந்தன, திரும்பவும் தெரிவுசெய்ய அரை மணித்தியாலம். ஷெல் சட்டத்தில் சனலின் உயரத்தையும் தடிப்பையும் மாற்றத் தங்கச்சிக்குப் பதினைந்து நிமிடம். ஒப்பந்தகாரருக்கு அன்று பின்னேரமே பதில் சொன்னோம்.

மோட்டருக்கு 2,635 ஐ அழித்துவிட்டு 2,743 என்று எழுதினாள்.